முருகனுக்குப் போன நீலப்பூக்கள்

சென்னையில் காலை வாக்கிங் போனால், அடுத்தவர் காம்பவுண்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாம் என் பைக்குள் வந்துவிடும். சாமிக்குப் பறிக்கிறேன், யார் கேட்கப்போகிறார்கள்? அதே கையோடுதான் டெக்சஸ் வந்து சேர்ந்தேன்.

அங்கே பேர்லேண்ட் ஊரில், கார் நிறுத்தும் எங்கள் டிரைவ்வேயை ஒட்டி, பக்கத்து வீட்டு அமெரிக்க ஆன்ட்டியின் புல்தரை. போன வருஷம் மார்ச்சில் அங்கே ஒரு பாத்தி முழுக்க புளூபானெட் பூத்தது. வசந்தத்தில் ஃப்ரீவே ஓரமெல்லாம் பூக்குமே, அந்தக் காட்டுப்பூ. கொத்துக் கொத்தாய் நீலம், உச்சியில் துளி வெள்ளை. வெள்ளிக்கிழமை வேறு. கை சும்மா இருக்குமா? ஒரு கொத்து விடாமல் பறித்து முருகன் படத்துக்குச் சார்த்திவிட்டு, அந்த அழகில் அசந்து நின்றேன்.

சாயங்காலம் ஆன்ட்டி கதவைத் தட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"என் கணவர் அக்டோபரில் விதைத்தது. ஜனவரியில் அவர் போய்விட்டார். ஒரு வருஷச் செடிதான். பூ காயாகி விதை விழுந்தால்தான் மறுபடி வரும்" என்றார்.

"சாமிக்குன்னு பறிச்சுட்டேன். நான் வேற விதை வாங்கித் தர்றேன்" என்று உளறினேன்.

"அது அவர் போட்டது ஆகாதே."

வெயிலில் செடிகள் காய்ந்து செத்தன. ஒன்றாவது தப்பி முளைக்காதா என்று அக்டோபரிலிருந்து தினமும் ஆபீஸ் கிளம்புமுன் அந்தப் பாத்தியைக் குனிந்து பார்ப்பேன். வெறும் மண். "விதைச்சவரே இவ்வளவு செக் பண்ணியிருக்க மாட்டார்" என்று என் கணவர் கிண்டலடிக்க, அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

டிசம்பரில் ஒரு காலை, தரையோடு தரையாக ஐந்து விரல் இலைகள்! ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பனித்துளி, உருளாமல் உட்கார்ந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஏழு செடி. ஓடிப்போய் ஆன்ட்டியை இழுத்து வந்தேன்.

"அவர் போட்டதில் சிலது அப்போது முளைக்காமல் கிடந்திருக்கும். தோல் அவ்வளவு கெட்டி. வருஷக்கணக்கில்கூட மண்ணுக்குள் காத்திருக்கும்" என்றார், அழுதுகொண்டே.

அம்மாடி! நான் பறித்தது, மிதித்தது எதையும் சட்டை பண்ணாமல் அது பாட்டுக்கு உள்ளே உயிரோடு இருந்திருக்கிறது. எனக்குப் புல்லரித்துப்போனது.

இந்த மார்ச்சில் ஏழும் பூத்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்கப் போனேன். ஆன்ட்டி குனிந்து ஒரு கொத்தைப் பட்டென்று ஒடித்தார்.

"ஐயையோ, ஏன் பறிச்சீங்க!" தமிழிலேயே கத்திவிட்டேன்.

"மீதி விதைக்கு நிற்கட்டும். இது உன் சாமிக்கு" என்று என் கையைப் பிரித்து வைத்தார்.