கோட்டைக்குள் தொப்பிக் கடை

இந்தத் தீவில் விடைபெறும்போது எல்லோரும் “ஐயோ” என்கிறார்கள். நான் குராசோவுக்கு வந்த முதல் வாரம், ரொட்டிக் கடைப் பெண் மீதிச் சில்லறையை என் கையில் வைத்துவிட்டு, முகம் மலர “ஐயோ!” என்றாள். எதையோ தட்டிவிட்டேன் என்று பதறிக் காலடியைக் குனிந்து பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநரும் அதையே சொன்னார். வீட்டுக்கு வந்து என் கணவர் பாஸ்கரிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். “போயிட்டு வாங்கன்னு சொல்றாங்க கலா. நீயும் திருப்பிச் சொல்லணும்.” எப்படிச் சொல்வது? பெங்களூரில் எங்கள் வீட்டில் யாராவது வெளியே கிளம்பும்போது வாய்தவறி அந்தச் சொல் வந்துவிட்டால், அம்மா கிளம்பியவரை உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவாள். இங்கே ஊரே அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டு சொல்கிறது. அது என் வாயில் சாதாரணமாக வருவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

கரீபியன் கடலில், வெனிசுலாவுக்கு மேலே, டச்சுக்காரர்கள் ஆண்ட தீவு இது. பெங்களூர் கமர்ஷியல் தெருவில் சிந்திக்காரர் ஒருவரின் கடையில் பாஸ்கர் விற்பனையாளராக இருந்தார். அந்த முதலாளியின் மைத்துனருக்கு இங்கே கடிகாரமும் கேமராவும் விற்கும் கடை. நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அவர் கேட்க, இவர் வந்தார். கல்யாணமானதும் நான் வந்தேன். நாங்கள் குடியிருப்பது மாரெல்வா என்ற அம்மாள் வீட்டின் பின்கட்டில். ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை, பிள்ளைகள் ஹாலந்தில். என் பெயரைக் ‘கார்லா’ ஆக்கியவர் அவர்தான். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம், எனக்கு இந்தத் தீவின் பாஷையான பாப்பியமெந்து கொஞ்சம். மிச்சத்துக்குக் கை இருந்தது. ஒருநாள் அவருக்கு ரசம் கொடுத்தேன். மறுநாள் பாத்திரத்தைத் திருப்பித் தந்தபோது, “என் செடிகளுக்கு ரொம்பப் பிடித்தது” என்றார். எதற்காகக் கொடுத்ததாக அவர் புரிந்துகொண்டார் என்பதை நான் கடைசிவரை கேட்கவில்லை.

துறைமுக வாயிலில் இருக்கும் பழைய கோட்டையைப் பழுதுபார்த்துக் கடைவீதியாக மாற்றியிருந்தார்கள். பாஸ்கரின் முதலாளி அங்கே ஒரு கிளை திறந்தார். பார்க்கப் போகலாம் என்று மாரெல்வாவைக் கூப்பிட்டேன். காய்ந்த துணிகளை எல்லாம் கொடியிலிருந்து எடுத்து முடித்த பிறகுதான் அவர், “முப்பது வருஷத்துக்கு மேலே ஆச்சு, உள்ளே போய்” என்றார். பழைய கட்டடம், யார் போவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். சனிக்கிழமை காலை அவர் மாதா கோயிலுக்கு உடுத்தும் நீல கவுனைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

கோட்டை என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் ஊர் சிட்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், பஸ் புகைக்கும் பூக்கூடைகளுக்கும் நடுவே நிற்கும் கோட்டை. பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனபோது அந்தக் கதவின் ஆணிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வந்து வெள்ளரிக்காய் தின்றோம். கோட்டை என்பது பூட்டி வைத்துப் பார்க்கிற சாமான் என்று மனதில் பதிந்திருந்தது. இங்கே கதவே இல்லை. தடித்த சுவரில் ஒரு வளைவு. அதைத் தாண்டினால் முற்றம், ஈச்சமரங்கள், குடை விரித்த மேஜைகள். பீரங்கி ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு வெள்ளைக்காரக் குழந்தை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சிப்பாய்கள் இருந்த அறைகளில் வைரத் தோடு, வாசனைத் தைலம், கடற்கரைச் செருப்பு. வெளியே நின்ற சொகுசுக் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பாஸ்கர் கழுத்தில் டை கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தார். கமர்ஷியல் தெருவில் தீபாவளிக் கூட்டத்தில் கையசைப்பாரே, அதே அசைப்பு.

மாரெல்வா எதையும் பார்க்கவில்லை. முற்றத்தைக் குறுக்கே கடந்து, மூலையில் இருந்த ஒரு கடைக்குள் நேராக நுழைந்தார். ஓலைத் தொப்பிகள் விற்கும் கடை அது. தொப்பிகள் தொங்கிய சட்டத்தைத் தள்ளிவிட்டு, பின்னால் இருந்த சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றார். கடையில் வேலை செய்யும் சின்னப் பெண் ஓடிவந்தாள். அளவு வேண்டுமா, வேறு நிறம் வேண்டுமா என்று கேட்டாள். மாரெல்வா தலையசைத்து ஏதோ சொல்ல, அவள் தவறாகப் புரிந்துகொண்டு கண்ணாடியை எடுத்து வந்து நீட்டினாள். மயக்கம் வருகிறதோ என்று பயந்து நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இங்கேதான் என் அப்பாவின் மேஜை இருந்தது, கார்லா” என்றார்.

அந்தக் காலத்தில் கோட்டைக்குள் போலீஸ் அலுவலகம் இருந்திருக்கிறது. மாரெல்வாவின் அப்பா அங்கே கான்ஸ்டபிள். பள்ளி விட்டதும் அவருக்குச் சாப்பாடு கொண்டுவருவது மாரெல்வாவின் வேலை. பிறகு எண்ணெய் ஆலைப் பக்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. அது கலவரமாகிக் கடைத்தெருக்கள் எரிந்தன. மாரெல்வாவையும் தம்பிகளையும் அவர் அம்மா இந்த அறைக்குத்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். சன்னலில் புகை தெரிந்தது. வெளியே கூச்சல் போட்ட கூட்டத்தில் அப்பாவின் அண்ணனும் இருந்தார். அவர் ஆலைத் தொழிலாளி. “கூட்டம் கலைந்து போன பிறகு அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சு நின்றது. அவருடைய மகள் ஓல்காவும் நானும் ஒரே கட்டிலில் தூங்கியவர்கள். அவள் வெளியே, நான் உள்ளே. அவ்வளவுதான்.”

எனக்கு அந்த நேரத்தில் சொல்ல வேறொன்றும் தோன்றவில்லை. “அப்பாவின் அண்ணனா? எங்கள் பாஷையில் அவர் பெரியப்பா. அவர் மகள் கசின் இல்லை” என்றேன். “பிறகு?” என்றார். “அக்கா. உங்களைவிடப் பெரியவள் என்றால் அக்கா.” அவர் அதை நம்பாமல், வேறு சொல்லே கிடையாதா என்று கேட்டார். கிடையாது என்றேன். “அக்கா” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அந்த வாயில் அது வேறு ஏதோ பறவையின் பெயர் போல ஒலித்தது. பிறகு அழுகையை மறைக்க, கைக்குக் கிடைத்த தொப்பி ஒன்றை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

பின்னறைத் திரையை விலக்கிக்கொண்டு, மார்போடு தொப்பிகளை அடுக்கிப் பிடித்தபடி ஒரு பெண்மணி வந்தார். நரைத்த தலை, மாரெல்வாவின் அதே அகன்ற நெற்றி. கடை அவருடையது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னப் பெண் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை எனக்கே புரியும் அளவுக்கு எளிய பாப்பியமெந்துவில் இருந்தது.

“அந்தத் தொப்பி உனக்குச் சின்னது” என்றார் ஓல்கா.

“என் தலை எப்போதுமே பெரிசுதானே” என்றார் மாரெல்வா.

தொப்பிகள் தரையில் சரிந்தன. அதற்கு மேல் அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு கட்டத்தில் சண்டை போலவும் இருந்தது. ஓல்கா சன்னலைக் காட்டிக் கோபமாக ஏதோ கேட்டார், மாரெல்வா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒரு முக்காலி வந்தது, காபி வந்தது. நான் நைஸாக நழுவி, முற்றத்தில் ஈச்சமரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் ஜயம்மா ஆன்ட்டியின் வீடு என் முன்னால் வந்து நின்றது.

நான் வளர்ந்தது மைசூர் ரோடு பக்கம், மில்லை ஒட்டிய லைன் வீடுகளில். அப்பா மில் தொழிலாளி. சுவரை அடுத்த வீட்டில் அவரோடு அதே ஷிப்டில் வேலை செய்த புட்டசாமி அங்கிளும் ஜயம்மா ஆன்ட்டியும். அவர்கள் கன்னடக்காரர்கள் என்பதும் நாங்கள் தமிழர்கள் என்பதும் பண்டிகையன்று எந்த இனிப்பு எந்தச் சுவரைத் தாண்டுகிறது என்பதில் மட்டுமே தெரியும். அவர்கள் மகள் ஷோபாவும் நானும் ஒரே வகுப்பு. அவள் அண்ணன் மஞ்சு எங்களைவிட நான்கு வயது மூத்தவன். சைக்கிளில் என்னை முன்னாலும் அவளைப் பின்னாலும் வைத்து ஓட்டுவான்.

தொண்ணூற்றொன்றில், காவிரித் தண்ணீர்ச் சண்டையில் ஊர் பற்றிக்கொண்டது. கடைகள் சாத்திய ஒரு பகலில் ஜயம்மா ஆன்ட்டி பின்வாசல் வழியாக வந்து அப்பாவிடம், “முனுசாமிண்ணா, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒளகெ வாங்க, பேக” என்றாள், உள்ளே வாங்க, சீக்கிரம் என்று. அப்பா, அம்மா, தம்பி ரவி, நான், நாலு பேரையும் கேழ்வரகு மூட்டைகள் அடுக்கிய அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். கூட்டம் தெருவுக்குள் வந்தது. எங்கள் வீட்டுக் கதவு உடையும் சத்தம், பாத்திரங்கள் உருளும் சத்தம். பிறகு ஆன்ட்டியின் வாசலில் கேட்டார்கள். அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “யாரூ இல்ல” என்றாள். தமிழில் சொல்வதற்கும் கன்னடத்தில் சொல்வதற்கும் இடையே ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். நாங்கள் பிழைத்தோம். ஆனால் அப்பா அந்த அறையின் சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டார். கூட்டத்தில், கையில் கட்டையோடு, மஞ்சு நின்றான்.

இரண்டு நாளில் அல்சூரில் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டோம். ஏரிக்கரைப் பக்கம், சுற்றிலும் தமிழ்க் குரல். அப்பா அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போகவே இல்லை. ஆன்ட்டியின் பெயரை அம்மா எடுத்தால், சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துவிடுவார். உயிரைக் காப்பாற்றியவள்மேல் கோபம் இல்லை. நன்றி சொல்லப் போனால் அவள் மகன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே, அதுதான். ஷோபா ஒருமுறை என்னைத் தேடி, அல்சூரில் நான் முதலில் சேர்ந்த பள்ளிக்கு வந்தாளாம். அப்போது நான் வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டிருந்தேன்.

அன்று மாரெல்வா கோட்டையை விட்டு வெளியே வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. தலையில் பெரிய அளவுத் தொப்பி. “அவள் இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறாள். புதன்கிழமை வீட்டுக்கு வருகிறாள்” என்றார், இரண்டும் ஒரே விஷயம் போல.

வீட்டுக்கு வந்ததும் ரவிக்குப் போன் செய்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறான் அவன். ஜயம்மா ஆன்ட்டி நம்பர் வேண்டும் என்றதும், “எதுக்குக்கா இப்ப அதெல்லாம்?” என்றான். ஆனாலும் டூட்டி முடிந்து பழைய தெருவரை போய் விசாரித்து வந்து சொன்னான். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான்.

போனை எடுத்தது ஷோபா. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். “ஏய் கலா, நீயா? எல்லிதியா… எங்கடி இருக்க?” என்று இரண்டு பாஷையிலும் அழுதாள். வெகுநேரம் பிள்ளைகள், புருஷன் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் நான் மஞ்சுவைப் பற்றிக் கேட்டேன்.

“அண்ணா அன்னிக்கு எதுக்கு அங்க நின்னாருன்னு எங்களுக்கே தெரியாதுடி. உங்களைத் தேடித் திரிஞ்சாரா, அவங்களை வேற பக்கம் தள்ளிட்டுப் போனாரா, அம்மா எத்தனையோ தடவை கேட்டாச்சு. வாயே திறக்க மாட்டாரு. நீங்க போனப்புறம் உங்க வீட்டு உடைஞ்ச கதவை அவரே சரி பண்ணி வச்சாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

பிறகு ஆன்ட்டி வாங்கினாள். குரல் தளர்ந்திருந்தது, அதிகாரம் தளரவில்லை. “உங்கம்மாவோட ஆட்டுக்கல் இங்கதான் இருக்கு. ஆட்டோல ஏத்த முடியாம விட்டுட்டுப் போனீங்க. வாரா வாரம் கழுவி வைக்கிறேன். யாவாக பந்து எடுத்துட்டுப் போறீங்க?” என்றாள். எப்போது வந்து எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று, பக்கத்துத் தெருவில் இருப்பவளிடம் கேட்பதுபோல. வெளிநாட்டு அழைப்பு அட்டையில் இருந்த நேரம் தீர்ந்து போன் நின்றுவிட்டது.

நான் சொன்னதைக் கேட்டு அம்மா போனாள். அப்பாவிடம் சொல்லிவிட்டே போனாள். ஜயம்மா ஆன்ட்டி வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். ஷோபாவின் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை பேசினார்களாம். ஆட்டுக்கல்லை எடுத்து வரவில்லை. “இருக்கட்டும்டி, அங்கயும் நம்ம சாமான் ஒண்ணு இருக்கட்டும்” என்றாள் என்னிடம். அப்பா இன்றுவரை போகவில்லை. ஆனால் அன்று அம்மா திரும்பி வந்ததும், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “புட்டசாமி காலு வலி எப்படி இருக்காம்?” என்று கேட்டாராம். அடுத்த தடவை மூட்டுவலித் தைலம் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தனுப்பினாராம்.

அம்மா இதைச் சொன்ன நாளில், கோட்டையில் பாஸ்கருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுக் காய்கறி வாங்கக் கிளம்பினேன். கோட்டை இருக்கும் கரைக்கு ‘ஓத்ரபந்தா’ என்று பெயர், ‘அந்தப் பக்கம்’ என்று அர்த்தம். அங்கேயே பிறந்து அங்கேயே சாகிறவர்களும் தங்கள் இடத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். காய்கறிப் படகுகள் நிற்பது எதிர்க்கரையில். நடுவே, படகுகளின் மேல் மிதக்கும் மரப்பாலம். நான் பாதி தூரம் போயிருக்கும்போது மணி அடித்தது. கப்பல் ஒன்று உள்ளே வர வேண்டும். ஓடுகிறவர்கள் ஓடினார்கள். நான் ஓடவில்லை. பாலத்தின் முனை கரையிலிருந்து கழன்று, எங்களையும் சுமந்துகொண்டு மெல்லத் தண்ணீரின்மேல் திரும்பியது. பெரிய கப்பல் ஒன்று சுவர் போல எங்களைக் கடந்தது. மேல்தளத்தில் யாரோ கையசைத்தார்கள். பக்கத்தில் நின்ற மாணவி, “எந்தப் பக்கம் போகணும் உங்களுக்கு?” என்று பாப்பியமெந்துவில் கேட்டாள். கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு இரண்டு கரையையும் பார்த்தேன். பாலம் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது.