வாந்திபேதியில் செத்துப்போனவள்

லூர்துநாதனுக்கு பஸ் டிரைவர் வேலை கிடைத்தது 1948இல், புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம். காக்கிச் சட்டையும் முறுக்கிய மீசையுமாக அவன் ஊருக்குள் நடந்து வந்தால் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அவன் மனைவி ஜெபமாலையம்மாளுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சட்டையை அவளே கஞ்சி போட்டுத் தேய்ப்பாள்.

ஆவூர் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த சின்ன ஊர் அது. அவள் அப்பா அடைக்கலசாமிக்கு அவள் ஒரே பிள்ளை. வீட்டையும் மூணு ஏக்கர் கடலைக் கொல்லையையும் மகள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். லூர்துநாதன் வீட்டோடு வந்த மாப்பிள்ளை. கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. புதுக்கோட்டைக்கும் ஆலங்குடிக்கும் இடையே பஸ் ஓட்டியதால் அவன் வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவான். மீதி நாளெல்லாம் கம்பெனி ஷெட்டிலேயே படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான்.

1951 ஆவணியில், ஒரு கல்யாணத்துக்காக ஆலங்குடியிலிருந்த சின்னம்மாவை அழைக்க ஜெபமாலை போகவேண்டி வந்தது. புதுக்கோட்டையில் அவன் பஸ்ஸிலேயே ஏறினாள். ஒரே கூட்டம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. புழுதிக்காக முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, பின்னால் ஒரு மூலையில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். ஆலங்குடியில் இறங்கி முன்னால் போய் நின்றால் மனுஷன் எப்படி முழிப்பான் என்று நினைத்து நினைத்து வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஆலங்குடியில் பஸ் நின்றது. கையில் தூக்குவாளியும் இடுப்பில் ஒரு பெண்குழந்தையுமாக ஒருத்தி டிரைவர் பக்கம் வந்தாள். குழந்தை "அப்பா" என்று கையை நீட்டியது. லூர்துநாதன் அதை ஜன்னல் வழியாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஹாரனின் ரப்பர் உருண்டையை அதன் கையில் பிடித்துக்கொடுத்து அமுக்கவைத்தான். பாம், பாம் என்று அது அடிக்க அடிக்க, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

ஜெபமாலை இறங்கினாள். நேரே அந்தப் பெண்ணிடம் போனாள்.

"நீ யாரும்மா?"

"டிரைவர் சம்சாரம்க்கா. நீங்க?"

"நானும் டிரைவர் சம்சாரந்தான். ஆவூர்ல இருக்கேன். ஜெபமாலை."

அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போய்விட்டது. பேயைப் பார்த்தவள் மாதிரி நாலு அடி பின்னால் நகர்ந்தாள். அவள் ஏன் அப்படிப் பயந்தாள் என்பது ஜெபமாலைக்கு அப்போது விளங்கவில்லை.

லூர்துநாதன் குழந்தையோடு இறங்கி ஓடிவந்தான். "ஜெபமால, நடுரோட்டுல வேணாம். வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

"எந்த வீட்டுக்கு?" என்றாள்.

சின்னம்மாவைப் பார்க்காமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

சனிக்கிழமை அவன் வந்தபோது அவனுடைய தகரப்பெட்டி வாசலில் இருந்தது. மேலே காக்கிச் சட்டைகள், தேய்த்து மடித்தபடி. நிலைப்படியில் அவள் நின்றாள்.

"ஊரு சிரிக்கும் புள்ள."

"சிரிக்கட்டும். இது எங்கப்பா வீடு. நீங்க போயிட்டு வாங்கன்னுகூடச் சொல்ல மாட்டேன். போங்க."

ஊர் சிரிக்கவில்லை. அதைவிட மோசமாகப் புத்தி சொல்ல வந்தது. லூர்துநாதனின் அக்கா அந்தோணிமேரி நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஒனக்கு ஒரு புழு பூச்சி இல்ல. ஆம்பள என்னதான் பண்ணுவான்? பொறுத்துப் போ" என்றாள்.

"மதினி, புள்ள இல்லாத வருத்தம் எனக்கும் உண்டு. நான் எங்கிட்டும் போயி ஒரு புருஷனத் தேடல."

அந்தோணிமேரி எழுந்து போனவள்தான். அப்புறம் வெகுகாலம் அந்தப் பக்கம் வரவில்லை.

புருஷன் விட்டுப்போனவள் நல்லநாள் பொல்லநாளில் ஒதுங்கி நிற்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஜெபமாலை ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும்போதே கோயிலுக்குப் போனாள். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஆனால் பூசையில் எல்லோரும் முழந்தாளிட்டபோது அவள் மட்டும் முழந்தாளிடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும். மணியடிக்கும் கோயில்பிள்ளை போய்ச் சொல்ல, பங்குப் பாதிரியாரான சாமி அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னம்மா, முழங்காலு வலியா?"

"இல்ல சாமி. ஆண்டவரோட கோவமா இருக்கேன்."

"கோவமா இருக்கறவ முன்னாடி வந்து ஒக்காருவியா?"

"பின்ன? ஒரு வாரம்கூட வராம இருக்க மாட்டேன். என் மொகத்த அவரு பாக்கட்டும். நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு அவரு சொல்லட்டும்."

"ஒம் பாவத்தச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் பண்ணி, அவன மன்னிச்சிடு. மனசு லேசாகும்" என்றார் சாமி.

"மன்னிப்பு என்ன, கைகாட்டுனா நிக்கிற பஸ்ஸா சாமி? அது வர்றப்ப வரட்டும். வராததை வந்துருச்சுன்னு பொய் சொன்னா அதுவும் பாவந்தானே?"

சாமி அதன்பிறகு அவளை வற்புறுத்தவில்லை. "சரி, கோவமாவே வா" என்று அனுப்பிவிட்டார்.

ஐந்து வருஷம் அப்படியே போனது. கொல்லையில் அவளே ஏர் பிடிக்கவும் பழகிக்கொண்டாள். பொம்பளை ஏர் பிடித்தால் மழை பெய்யாது என்றவர்களிடம், நீங்கள் பிடித்தபோது மட்டும் கொட்டியதாக்கும் என்று கேட்டாள். பகலெல்லாம் இப்படி வாயும் கையும் ஓயாது. ஆனால் கண்ணை மூடினால் போதும், அந்த ஹாரன் சத்தம் காதுக்குள் கேட்கும். அதைமட்டும் அவளால் விரட்ட முடியவில்லை.

1956 வைகாசியில், உச்சிவெயில் நேரத்தில், வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். கூடவே ஏழு வயசுப் பெண். இரண்டு பேர் காலிலும் செருப்பு இல்லை. பார்த்தவுடனே ஜெபமாலைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அவரு இங்க வந்தாராக்கா? திருமயத்துப் பக்கம் லாரி ஓட்டப் போறேன்னு போனவரு, எட்டு மாசமாச்சு. அங்கிட்டு வேற ஒருத்தியோட இருக்காருன்னு சொல்றாக."

ஜெபமாலை அவளை உள்ளே கூப்பிடவில்லை. வெயிலில் நிற்கட்டும் என்றே விட்டாள். அந்தச் சிறுமி சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தது. அதைப் பார்த்தபிறகு நிற்கவைக்க மனசு வரவில்லை. "நெழலுக்கு வாங்க" என்று ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் பேர் செவந்தி, பிள்ளை பேர் பிரகதாம்பாள் என்று தெரிந்துகொண்டாள்.

"எனக்குச் சத்தியமாத் தெரியாதுக்கா. சம்சாரம் செத்துப்போச்சுன்னுதான் சொன்னாரு. அன்னைக்கு பஸ்கிட்ட ஒங்களப் பாத்ததும், செத்தவளே எந்திரிச்சு வந்துட்டாளோன்னு நெனச்சேன்."

"செத்துப்போனேனா? எதுலடி செத்தேன்?"

செவந்தி தலையைக் குனிந்துகொண்டாள். "வாந்திபேதில."

"அழுதாரா?"

"தேம்பித் தேம்பி அழுதாருக்கா. ரெண்டு நாளு சோறு எறங்கலன்னு நாந்தான் ஊட்டிவிட்டேன்."

ஜெபமாலைக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம், தன் கையால் கஞ்சி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த மனுஷன் தனக்காகவே ஒப்பாரி வைத்த காட்சி கண்முன் வந்தது. வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செவந்தி பயந்துபோய்ப் பார்த்தாள், பிறகு அவளுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துச் சிரித்து, எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று இருவருக்கும் தெரியாது.

"அன்னைக்கே தெரிஞ்சிருச்சே, பின்ன ஏன் அவரோட இருந்த?"

"கையில புள்ள. எங்கிட்டுப் போவேன்?"

இத்தனை வருஷம் தன் வாழ்க்கையைத் தட்டிப் பறித்தவள் என்று தினம் தினம் சபித்தவளை ஜெபமாலை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். தன்னைவிட எட்டுப் பத்து வயசு சின்னவள். "அடுப்புல கஞ்சி இருக்கு. மொதல்ல புள்ளைக்கு ஊத்து" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணி அடித்தபோது அவள் முழந்தாளிட்டாள். யாரும் சொல்லவில்லை. உடம்பு தானாகக் குனிந்தது. "ஒங்க மேல கோவம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு. இருந்தாலும் ஒங்களவிட்டா எனக்கும் ஆளில்ல" என்று பீடத்தைப் பார்த்து முணுமுணுத்தாள்.

செவந்தி கொல்லை வேலைக்கு நின்றுகொண்டாள். பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொடுத்தாள் ஜெபமாலை. ஊர் கொதித்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க ஜெபமாலை போனபோது வாத்தியார் சூசைமாணிக்கம் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார். "தகப்பன் பேருன்னு என்னம்மா எழுதறது?"

"லூர்துநாதன்னு எழுதுங்க. வெக்கப்படவேண்டியது அவரு. இந்தப் புள்ளயும் இல்ல, நானும் இல்ல. கார்டியன் பேருக்கு எம்பேரப் போடுங்க."

போட்டார்.

1961, ஈஸ்டர் பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது லூர்துநாதன் கோயில் வாசலில் நின்றான். கண்பார்வை மங்கி, லைசென்ஸ் போய், மீசை நரைத்திருந்தது. பக்கத்தில் அந்தோணிமேரியும் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரும். எல்லோர் முன்னிலையிலும் அவன் கைகூப்பினான்.

"பெரிய பாவம் பண்ணிட்டேன் ஜெபமால. மன்னிச்சுக்க."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். தேடிப் பார்த்தும் உள்ளே பழைய கொதிப்பு இல்லை. அது அவளுக்கே அதிசயமாக இருந்தது.

"மன்னிச்சு அஞ்சு வருஷமாச்சுங்க. ஒங்களுக்குச் சொல்லிவிடத்தான் வெலாசம் தெரியல."

அந்தோணிமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வா தம்பி, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

"எந்த வீட்டுக்கு மதினி? ஒங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மேலுக்கு முடியாட்டி சொல்லியனுப்புங்க, கஞ்சி குடுத்துவிடுறேன். மகளப் பாக்கணும்னா பகல்ல வரட்டும், அந்தப் புள்ளைக்கு இஷ்டம்னா பேசும். என் வீட்டுக்குள்ள அவரு வரவேண்டாம்."

பெரியவர் ஒருவர் கோபப்பட்டார். "இது என்னம்மா மன்னிப்பு?"

"அவருக்குக் கெட்டது வரணும்னு நான் நெனைக்கிறதில்ல. அவருக்காகவும் வேண்டிக்கிறேன். இதுதான் மன்னிப்பு. நீங்க சொல்றது மறுபடியும் துணி தொவச்சுப் போடுறது."

கூட்டத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. லூர்துநாதன் மட்டும் தலையாட்டினான். "சரிதான்" என்று மெதுவாகச் சொன்னான். அவன் வாழ்நாளில் நேர்மையாகப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான் என்று செவந்தி பிறகு சொன்னாள். அக்கா வீட்டில் அவன் கடைசிவரை இருந்தான். கஞ்சி தவறாமல் போனது.

1965இல், நாற்பத்திரண்டாவது வயதில், ஜெபமாலை கொல்லையில் கிணறு வெட்ட ஆரம்பித்தாள். சுற்றுவட்டாரம் முழுக்கப் பாறை என்று எல்லோரும் தடுத்தார்கள். புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்த பிரகதாம்பாள் லீவுக்கு வந்து மண் சுமந்தாள். முப்பதடியில் பாறை. வெடி வைத்தார்கள். முப்பத்தெட்டாவது அடியில் ஊற்று கசிந்தது. நிறைய என்று சொல்ல முடியாது, ஒரு ஏக்கருக்குக் காணும்.

குழிக்குள் இறங்கி முழங்கால் நனைய நின்ற செவந்தி, "இவ்வளவுதானாக்கா?" என்று மேலே பார்த்துக் கேட்டாள்.

"இன்னும் அஞ்சடி வெட்டச் சொல்லு" என்றாள் ஜெபமாலை.