ஆற்றில் விடாத சேலை

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டிரங்க் காலை எடுத்தபோது மறுமுனையில் கோமதி அக்காவின் கணவர். என் குரலை அடையாளம் கண்டுகொண்டார். "கோமதி போயிட்டாம்மா. அம்பாசமுத்திரத்துல எங்க அண்ணன் கடைக்கு லைன் குடு" என்றார். கொடுத்தேன். அக்காவின் நாற்காலி பக்கத்தில் காலியாக இருந்தது.

நம் தொலைபேசி நிலையத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கோடையில் குறுக்குத்துறைப் படித்துறையில் ஆற்று நாற்றம் தாங்காமல் நாம் மனு எழுதினோம். அப்போதுதான் பாபநாசத்தில் தகப்பனாரின் காரியத்தை முடித்துவிட்டு வந்திருந்த சூப்பர்வைசர் அண்ணாச்சி, அங்கே தண்ணீரில் காலை வைத்தால் துணி சுற்றுகிறது, மந்திரிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று பொரிந்தார். இறந்தவர் துணியையும் காரியம் செய்தவர் உடுத்தியதையும் ஆற்றோடு விடுவதுதானே நம் வழக்கம். அக்கா தலை நிமிராமல் கேட்டார்: "ஒங்க வேட்டிய ஆத்துல விட்டது மந்திரியா அண்ணாச்சி?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "நீ எலெக்சன்ல நில்லு தாயி. ஒனக்கே போடுதேன்."

அந்த மனுவில் முதல் கையெழுத்தும் அக்காவுடையதுதான். நகராட்சிக்குக் கொண்டுபோனவரும், பதில் வரவில்லை என்று மறுபடி போய் நின்றவரும் அவரே.

இந்த விஷயத்தில் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. ஊர்ச் சாக்கடை முழுவதும் ஆற்றில் விழும்போது ஒரு சேலை எம்மாத்திரம், இப்படிப் பேசினால் பொறுப்பில் இருப்பவர்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்பேன். "அவங்கள விடச் சொல்லலட்டி. சட்டையப் பிடிச்சுக் கேளு. நம்ம விடுதத நிப்பாட்ட அவங்க உத்தரவு எதுக்கு?" என்பார்.

அக்காவின் மாமியார் இறந்தபோது அது பேச்சோடு நிற்கவில்லை. காரியத்தன்று கணவரின் அண்ணன் தாயின் சேலையை ஆற்றில் விடப் போனார். அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். படுக்கையில் கிடந்த மாமியாருக்குக் கடைசிவரை சேலை மாற்றிவிட்டவர் அவர்தான். வீட்டுத் தென்னைக்கு அடியில் புதைத்துக்கொள்கிறேன் என்றார்.

"எங்கம்மா கரையேற வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுப் போன அண்ணன் அதன்பின் அக்காவோடு பேசவே இல்லை. பொங்கலுக்குக் கணவரையும் பிள்ளைகளையும் அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பிவிட்டு அக்கா டூட்டி கேட்டு வாங்குவார். "பெரியத்தான் பேசாததுதான் கஷ்டமா இருக்குட்டி" என்று ஒரே ஒருமுறை சொன்னார். சேலையை விட்டிருக்கலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சென்ற வாரம் அக்காவின் காரியம். படித்துறையில் புரோகிதர் துணியைக் கேட்டார். கணவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். துணி இருந்த பை அண்ணன் கையில் இருந்தது.

"இது வேண்டாம் சாமி. அவளுக்குப் பிடிக்காது" என்றார் அண்ணன். பிறகு தம்பியிடம் மெதுவாகக் கேட்டார்: "அம்மா சேலைய எந்தத் தென்னைக்கடியில வச்சா?"

அக்காவோடு நான் செய்த வாதம் முடிந்துவிடவில்லை. பெரிய குற்றம் சாக்கடையுடையது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நகராட்சியிலிருந்து பதில் வரவில்லை. அங்கே போய் நிற்பது இனி என் வேலை. என் காலத்துக்குப் பிறகு என் துணி ஆற்றுக்குப் போகக்கூடாது என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். இந்த இரண்டையும் அக்காவிடமிருந்து வைத்துக்கொள்கிறேன். கல்யாணமாகாத பெண் பேசுகிற பேச்சா இது என்று அம்மா வெகுநேரம் திட்டினாள். ஆனாலும் கேட்டுக்கொண்டாள்.