இராகு காலத்துக்கு முன் ஊற்றிய கப்பிகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் என் வார்ப்புப் பட்டறையில் இரண்டு உலை, நாற்பது ஆள். கொதிக்கும் இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவேன். மீட்டர் அப்புறம்தான் என்னோடு ஒத்துப்போகும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் கண்ணை நான் எவ்வளவு நம்பினேன் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும்.

போன வருஷம் மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றிலிருந்து, கல் தூக்குவதற்கு நான்கு இரும்புக் கப்பி கேட்டார்கள். புது இடம், முதல் ஊற்று, வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு இராகு காலம். புது ஆர்டரின் முதல் இரும்பை இராகு காலத்தில் நான் ஊற்றியதே கிடையாது.

அன்று இரும்பில் கரிச்சத்து சேர்க்க உலையில் போட்ட கரித்தூள் மட்டமானது, நான் வாங்கியதுதான். அதிலிருந்து நைட்ரஜன் இரும்புக்குள் இறங்கிவிட்டது, அப்படியே ஊற்றினால் உள்ளே வெடிப்பு விழும் என்று எங்கள் பட்டறையின் லேப் பெண் சோதித்துச் சொன்னாள். உலையின் அடியிலிருந்து ஆர்கான் வாயுவைக் குமிழாக விட்டால் அந்த நைட்ரஜன் கொஞ்சங்கொஞ்சமாக வெளியேறும். விட்டுக்கொண்டுதான் இருந்தோம். பத்து மணிக்கு அவள் மறுபடி வந்தாள்.

“சார், இன்னும் அரை மணி நேரமாவது வேணும். இந்த இரும்புல கந்தகம் ஜாஸ்தி. அது மேல மூடி போட்ட மாதிரி நின்னு, நைட்ரஜன சீக்கிரம் வெளிய விடாது.”

“இன்னாம்மா, பொங்கிகினு இருந்தது அடங்கிப்போச்சு பாரு. காத்தெல்லாம் போயாச்சு.”

“அது வேற சார். இது உள்ள கரைஞ்சு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது.”

“யார் கண்ணுக்கு? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இரும்பு காச்சினவன்மா நானு.”

ஆட்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பத்து இருபதுக்கு ஊற்றினோம்.

மூன்றாம் மாதம் ஒரு கப்பி உடைந்து, தொங்கிய கல் ஒரு சிற்பியின் காலில் விழுந்தது. இரண்டு விரல் போயிற்று. அவர் சங்கிலியைக் கோணலாக இழுத்துவிட்டார் என்று அவருடைய முதலாளி போனில் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

உடைந்த துண்டு ஒரு திங்கட்கிழமை பட்டறைக்கு வந்தது. லேப் பெண் அதை அறுத்து, தேய்த்து, என் முன்னால் வைத்தாள். உள்ளே புழு அரித்ததுபோல் வெடிப்பு வெடிப்பாக இருந்தது.

“நைட்ரஜன்தான் சார். மத்த மூணும் அதே இரும்பு. இன்னிக்கே கழட்டச் சொல்லுங்க.”

போனை எடுத்தேன். என் பெயர் கெடுமே என்று வைத்தேன். செவ்வாயன்று நேரிலேயே சொல்லிவிடலாம் என்று ஆரஞ்சுப் பழத்தோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிற்பி எழுந்து உட்கார்ந்தார்.

“ஏன் நைனா நீ வேற அலையற? என் தப்புதான். எப்புடி இழுத்தேன்னே தெர்ல.”

“பாத்து இழுக்கணும்பா,” என்றேன். இந்த வாயால் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைதான் சிற்பக்கூடத்துக்குப் போனேன். மீதி மூன்று கப்பியில் ஒரு கல் நந்தி அந்தரத்தில் தொங்கியது. அடியில் இரண்டு பேர் குனிந்து பீடத்தில் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். காலில் கட்டோடு சிற்பி ஓரமாக உட்கார்ந்து உளி பிடித்திருந்தார்.

“வெளிய வாங்கடா. கல்ல எறக்குங்க,” என்றேன். இறக்கினார்கள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கரித்தூள், இராகு காலம், அந்தப் பெண் கேட்ட அரை மணி நேரம்.

சிற்பி உளியைக் கீழே வைத்தார். “உனுக்கு எப்போ தெரியும்?”

“திங்கக்கெழம.”

“என்னிய வந்து பாத்தது?”

“செவ்வாக்கெழம.”

அவர் அந்த இருவரையும் காட்டினார். “என் கால வுடு. இவனுங்க ரெண்டு பேரும் நாலு நாளா அதுக்கு அடியிலதான் வேல செஞ்சிகினு கீறானுங்க.”

மூன்று கப்பியையும் நானே ஏறிக் கழற்றினேன். யாரும் கை கொடுக்கவில்லை. இறங்கியபோது சிற்பி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர்மேல் தப்பில்லை என்று சொல்ல முதலாளியின் அறைக்கு நடந்தேன்.