ஐந்து நிமிடக் காற்று

பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக்குள் குளிர் வாசலால் வருவதில்லை. தரைப் பலகைகளின் இடுக்கால் வரும், கடிதம் போடுகிற துவாரத்தால் வரும், எப்போதோ அடைக்கப்பட்ட கணப்படுப்பின் புகைபோக்கியால் இறங்கி வந்து கணுக்காலைப் பிடிக்கும். நூறு வயது தாண்டிய வீடு. காஸ் விலை ஏறியதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் அதனோடு எனக்கு மல்லுக்கட்டு.

ஒரு கட்டத்தில் அது வெறி என்றே சொல்லவேண்டும். கிழிந்த போர்வைகளைச் சுருட்டித் தைத்துக் கதவுகளின் கீழே கிடத்தினேன். அப்டன் பார்க்கில் ஒரு கடையில் பஞ்சு நாடாவும் யன்னலுக்கு ஒட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளும் வாங்கினேன். தாளைச் சட்டத்தில் ஒட்டி, தலைமுடி உலர்த்துகிற மெஷினால் சூடுகாட்டினால் அது சுருக்கம் விட்டு இறுகும். விரலால் சுண்டினால் மத்தளம் போல ஒலிக்கும். அந்த ஒலியை நான் விரும்பினேன். ஒரு துளி சூடும் இனி என்னைக் கேளாமல் வெளியே போகாது என்ற ஒலி.

அந்த இலையுதிர் காலத்தில்தான் அண்ணை ஜேர்மனியிலிருந்து வந்தார். முப்பது வருடம் அங்கே கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்தவர். அண்ணி இறந்த பிறகு அந்த நகரத்தில் அவருக்குக் கதைக்க ஆளில்லை. வாங்கோ, எங்களோடு இருங்கோ என்று நான்தான் அழைத்தேன், என் கணவரும் சரி என்றார். மேல்மாடியில், சமையலறைக்கு மேலே நீட்டிக் கட்டிய பின்னறையைக் கொடுத்தேன். தனி அறை, தொந்தரவு இல்லை என்று சொன்னேன். மூன்று பக்கமும் வெளிச்சுவர், வீட்டிலேயே அதிகம் குளிர்கிற அறை அதுதான் என்பதைச் சொல்லவில்லை.

அவர் வந்த மறுநாள் காலையே சண்டை தொடங்கியது. எழும்பியதும் பின்னறை யன்னலை அகலத் திறந்தார். பிறகு குளியலறை யன்னல், பிறகு சமையலறைக் கதவு. வெளியே புல் வெள்ளையாக உறைந்திருந்தது. கீழே ஹீட்டர் என் காசில் முனகிக்கொண்டிருந்தது. ஜேர்மனியில் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் இப்படித் திறந்துவிடுவார்களாம். அரைகுறையாகத் திறந்து வைப்பது பிழையாம். அகலத் திறந்து, உடனே மூடவேண்டுமாம்.

“ஈரக் காத்தைச் சூடாக்க ஏலாது பிள்ளை. முதல் அதை வெளியில தள்ளு. காஞ்ச காத்து சுறுக்கெண்டு சூடாகும்.”

நான் நம்பவில்லை. வெயில் நாட்டில் பிறந்தவளுக்கு யன்னல் திறந்தால் சூடு போகும் என்பது மட்டும்தான் விளங்கியது. அவர் எங்கள் சுவரைத் தட்டிப் பார்த்து, ஜேர்மனியில் கோழிக்கூட்டுக்கும் இதைவிட நல்ல சுவர் என்றார். அப்படியென்றால் அந்தக் கோழிக்கூட்டிலேயே இருந்திருக்கலாமே என்றேன். இருவரும் சிரித்தோம். அவர் திறப்பதும் நான் ஓடிப்போய் மூடுவதுமாக இரண்டு மாதம் போனது.

ஜனவரியில் ஒரு காலை. வேலைக்குப் பிந்திவிட்ட அவசரம். தேநீர்க் கோப்பையோடு படியேறினேன். அவருடைய அறைத் திரைச்சீலை கூரைக்குப் பறந்துகொண்டிருந்தது. மீட்டரின் சின்னத் திரையில், காஸ் செலவு கூடினால் எரிகிற சிவப்பு விளக்கு எரிந்ததைக் கீழே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். வாய் முந்திவிட்டது.

“அண்ணை, இது உங்கட வீடில்லை.”

அவர் யன்னலை மூடினார். கொளுக்கியையும் போட்டார். என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு “ஓம்” என்றார். அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய யன்னலுக்கும் தாள் ஒட்டினேன். மூலைகளை அவரே பிடித்துத் தந்தார், பெயின்டரின் கை, ஒரு சுருக்கமும் விழவில்லை. சுவரில் காற்றுப் போவதற்கென்று வைத்திருந்த சிறு சல்லடைத் துவாரத்தையும் பஞ்சால் அடைத்தேன். “அதை மட்டும்…” என்று தொடங்கினார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நிறுத்திக்கொண்டார்.

கீழே நான் இடியப்பம் அவித்தேன், சோறு வடித்தேன். துவைத்த உடுப்பெல்லாம் ரேடியேட்டர்களில் காய்ந்தது. வீடு கதகதப்பாக இருந்தது, பில் இறங்கியது. வேலையிடத்தில் பெருமையடித்துக்கொண்டேன். பிளாஸ்டிக் தாளின் உட்பக்கத்தில் காலை நேரங்களில் நீர்த்துளிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். துளிக்குள் ஒரு தலைகீழ் கொல்லை, தலைகீழ் வேலி. எதையும் அழகாகப் பார்த்துவிடுகிற இந்தக் கண்ணை அன்றைக்கு யாராவது பொத்தியிருக்கலாம்.

அண்ணை இருமத் தொடங்கினார். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவருக்கு ஜேர்மன் தெரியும், ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. மொழிபெயர்க்க நான் பக்கத்தில் இருந்தேன். எத்தனை நாள் இருமல், சளி என்ன நிறம், என்ன வேலை செய்தவர் என்று டாக்டர் கேட்கக் கேட்க நான் தமிழில் சொல்ல, அண்ணை பதில் சொல்ல, அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வீட்டில் ஈரம், பூஞ்சணம் ஏதும் உண்டா என்று டாக்டர் கேட்டார். இந்த ஒரு கேள்வியை நான் அண்ணைக்குச் சொல்லவில்லை. இல்லை என்று நானே பதில் சொன்னேன். பொய் சொல்கிறேன் என்று நினைக்கவில்லை. என் வீட்டைப் பற்றிய கேள்விக்கு நான்தானே பதில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை அண்ணை முடிவெட்ட ஃபாரஸ்ட் கேட் கடைத்தெருவுக்குப் போயிருந்த மத்தியானம், படுக்கை விரிப்பை மாற்ற அவருடைய அறைக்குப் போனேன். தலையணை கால்மாட்டில் கிடந்தது. ஏன் தலைமாடு மாறிப் படுக்கிறார் என்று யோசித்தபடி கட்டிலை இழுத்தேன்.

சுவர் கறுப்பாக இருந்தது. புள்ளி புள்ளியாகத் தொடங்கி, மூலையில் அடர்ந்து, தரை வரைக்கும். அதன்மேல் அரைவட்ட அரைவட்டமாகத் துடைத்த தடங்கள், பழையவற்றின் மேல் புதியவை. கட்டிலுக்குக் கீழே ஒரு பிளீச் போத்தல், மடித்து வைத்த துணி. அலுமாரியைத் திறந்தேன். அவருடைய ஒரே கோட்டின் முதுகில் வெள்ளைப் பூஞ்சணம் மயிர் விட்டிருந்தது. அந்த அறையில் இருபது நிமிடம் நின்றேன். எனக்கே தொண்டை கரகரத்தது. அவர் அங்கே ஒரு மாதம் மூச்சு விட்டிருக்கிறார். அதைக் காலை தோறும் துடைத்திருக்கிறார், நான் தேநீர் கொண்டு வருவதற்கு முன்னால்.

அவர் வந்ததும், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கிற தகுதி இல்லாதவளின் குரல் சற்று உயர்ந்தே இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

“வீட்டுக்காரருக்கு ஏன் கரைச்சல் எண்டு விட்டிட்டன்.”

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்.

கத்தியால் எல்லா யன்னல் தாளையும் கிழித்தேன். துவாரத்தில் இருந்த பஞ்சைப் பிடுங்கினேன். மறுநாளே டாக்டரிடம் திரும்பப் போய், போன முறை தவறான பதில் சொன்னது நான் என்று சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னதை அண்ணை பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னேன். டாக்டர் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார். அண்ணை என் கையை இரண்டு தரம் தட்டினார். மூச்சோடு உள்ளே உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார்கள். அவரை நாங்கள் படுக்கிற முன்னறைக்கு மாற்றினோம். பின்னறைக்கு நானும் என் கணவரும் வந்தோம். இருமல் சித்திரையில் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. முப்பது வருடப் பெயின்ட் தூசியாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். அந்த ‘ஆகவும் இருக்கலாம்’ எனக்கு ஆறுதலாக இருக்கவேண்டும். இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் காலையும் மாலையும் எல்லா யன்னலும் ஐந்து நிமிடம் திறந்திருக்கும். அவர் சொன்னது சரி. சுவர் காய்ந்தபிறகு வீடு சுறுக்காகச் சூடாகிறது, பில்லும் பெரிதாக ஏறவில்லை. அண்ணைக்குச் சாவி கொடுத்திருக்கிறேன், ஹீட்டரைத் திருகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், என்னைக் கேட்கவேண்டாம் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்.

காலையில் முகம் கழுவி, சுவெட்டர் போட்டு, ஒரு கையை யன்னல் கொளுக்கியில் வைத்துக்கொண்டு அவர் படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டுவார்.

“திறக்கட்டோ பிள்ளை?”

நான் கீழிருந்து ஓம் என்று சொல்லும் வரைக்கும் அப்படியே நிற்பார்.