லிப்கி மேட்டில் மெலானியாவின் அறை

கீவ் நகரின் லிப்கி மேட்டில், அமைச்சகக் கட்டடங்களுக்கு நடுவே எங்கள் பழைய வீடு. அதில் மெலானியா அர்செனிவ்னாவுக்கு இருந்தது ஓர் அறை. சமையலறை நான்கு குடும்பங்களுக்கும் பொது. நான் எதிர் அறைக்காரன்.

பணி ஓய்வு வரை ஓர் அமைச்சகத்தின் வாசலில், வருகிறவர்களின் மேலங்கிகளை வாங்கி மாட்டிவைத்தவர் அவர். ஆற்றுக்கு அக்கரையில் வசித்த தங்கை தோஸ்யாவிடம், தனக்கு மூன்று அறைகள் என்று சொல்லிவைத்திருந்தார். தங்கை வருகிறேன் என்றால், "இங்க காவல் ஜாஸ்தி, விடமாட்டாங்க" என்பார். போருக்கு முன் எங்கள் தெருவில் யாரும் யாரையும் தடுத்ததில்லை. போர் வந்ததும் தெருமுனைகளில் மணல் மூட்டைகள் ஏறின, காவலர்கள் நின்றார்கள். அப்போதும், குடியிருப்பவர் முகவரி பதிந்த பாஸ்போர்ட்டோடு போய், "இவர் என் விருந்தாளி" என்றால் விட்டுவிடுவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் மின்நிலையங்கள் தாக்கப்பட்டன. அக்கரையில் இருட்டு. எங்கள் மின் இணைப்பு அமைச்சகங்களோடு சேர்ந்தது என்பதால் விளக்கு அணையவில்லை. தோஸ்யாவின் கணவர் த்ரோகிமின் மூச்சுக்கருவியோ மின்சாரத்தில் ஓடுவது.

நான் சமையலறையில் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தபோது மெலானியாவுக்குப் போன் வந்தது. காது மந்தம், ஒலிபெருக்கியில்தான் பேசுவார்.

"விடமாட்டாங்கடி தோஸ்யா, நான் என்ன பண்ண?"

"முனையிலதான் நிக்கறோம் அக்கா. இரு, காவல்காரத் தம்பி பேசறாரு."

"யாரும்மா விடமாட்டோம்னு சொன்னது? பாஸ்போர்ட்ட எடுத்துட்டு ஓடி வாங்க. இவரு உதடு நீலமாயிருச்சு."

மெலானியா என் பக்கம் திரும்பவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கிப் போனார்.

மூவரும் வந்து சேர்ந்ததும் தன் கதவைத் திறந்து, "மத்த ரெண்டு ரூமும் பூட்டியிருக்கு, சூடு பத்தாது" என்றார். அந்த நேரம் பார்த்து, பக்கத்து அறையிலிருந்து கெட்டிலோடு வெளியே வந்தாள் ஓர்லிக் குடும்பத்துக்காரி. "யாரு, சொந்தக்காரங்களா? கழிப்பறை விளக்க அணைச்சிருங்க, நாலு குடும்பத்துக்கும் பொதுக் கணக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தோஸ்யா கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பிளக் எங்க அக்கா? அத முதல்ல காட்டு."

கருவி ஓடத் தொடங்கியது. த்ரோகிமின் உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. மெலானியா சமையலறைக்கு வந்து, தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். அது கொதித்து, பாதியாய் வற்றியது.

"உள்ள போங்க" என்றேன்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு?"

"அக்கா, வந்து உக்காரு" என்று உள்ளேயிருந்து தோஸ்யா கூப்பிட்டாள். மெலானியா பாத்திரத்தில் மறுபடி தண்ணீர் ஊற்றினார்.