கதைதான் என்று ஒப்புக்கொண்டேன்

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மயிலாப்பூரிலுள்ள அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பண்டிதர் நடத்திய கதை எழுதும் வகுப்பில் சேர்ந்தேன். கண்ணில் படுவதை எழுதி வரச் சொல்லி அவர் எங்களைச் சாந்தோம் கடற்கரைக்கு அனுப்பினார். நான் தூரத்தில் போன ஒரு கப்பலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார்.

“கப்பலைப் பாத்து இன்னா எழுதிக்கினு கீறே?”

“கதை எழுதுறன் ஐயா.”

“கதை வுடுறியா?”

எனக்கு விளங்கவில்லை. “ஓம் ஐயா, கதைதான்” என்றேன்.

உடனே என் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார். என்ன குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் என் நோட்டை வாங்கி உரக்கப் படித்தார்: “கணவனைப் பிரிந்த பெண்ணைப்போல அந்தக் கப்பல் விம்மி விம்மிப் போயிற்று.” என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உளவு சொல்றவன் இப்படியெல்லாம் எழுத மாட்டான்யா. அனுப்பிடு.”

கதை விடுவதென்றால் இந்த ஊரில் பொய் சொல்வது என்று அக்கா பிறகு விளக்கினாள். பொய்தான் என்று நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் புரியாத கேள்விக்கு நான் தலையாட்டுவதில்லை. கேட்பவர் சிரித்தாலும் சரி, என்ன கேட்டீர்கள் என்று இரண்டு முறையாவது கேட்டுவிடுகிறேன்.